முன்னோர் உணவும் நம் முதுமையும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்னும் முதுமொழியை நாமெல்லோரும் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். அப்போது அதன் பொருள் நமக்கு விளங்குவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தபின் நன்கு விளங்குகின்றது. கல்லூரி விழாக்களிற் பழைய மாணவர் கூடி ஒருவரையொருவர் நலம் விசாரிக்குங்கால், பிள்ளைகளைப் பற்றிய பேச்சு முடிந்ததும் குருதியிலுள்ள சீனியின் அளவைப் பற்றிய பேச்சுத் தொடங்குகின்றது. பலகாரத் தட்டு வரும்போது அதனை நோக்கிப் பெருமூச்செறிந்து கையை மடக்கிக்கொள்வோர் தொகையும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதையும், நம் முன்னோரின் உணவு முறையிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினை யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் நோயின் பரப்பைச் சிறிது நோக்குவோம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடாத்தப்பெற்ற ஆய்வொன்று, இருபது வயதும் அதற்கு மேலுமுள்ளோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. கிராமங்களில் அவ்விகிதம் 8.7, நகரங்களிலோ 16.4. ஒரே நாட்டில், ஒரே இன மக்களிடையே, நகரவாசிக்குக் கிராமவாசியினும் ஏறத்தாழ இரு மடங்கு நோய் இருக்குமாயின், அதற்குப் பரம்பரையை மாத்திரம் காரணங் காட்டுதல் பொருந்தாது. பரம்பரை ஒன்றே, வாழ்க்கை முறையே வேறு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நாம் இக்கணக்கின் எப்பக்கத்திற் சேர்ந்தவர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே நீக்கிவிடுதல் நன்று. 'அந்தக் காலத்தவர் குரக்கனும் கூழும் உண்டு நூறாண்டு வாழ்ந்தனர்' என்று பலர் பெருமையுடன் கூறுவர். வரலாறு அதனை ஒப்புக்கொள்ளவில்லை. 1946ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்த குழந்தையொன்று சராசரி 43 ஆண்டுகள் அளவே வாழுமென எதிர்பார்க்கப்பட்டது. அவ்வாண்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 141 குழந்தைகள் முதலாண்டு நிறைவதற்குள் இறந்தன. இன்று நம் சராசரி ஆயுள் எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. இவ்வுயர்வை நமக்கு அளித்தவை மலேரியா ஒழிப்பும், இலவச வைத்தியசாலைகளும், மருத்துவ மாதரின் பணியும், தடுப்பூசியும், பெண்கல்வியுமே யாகும். 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்ததையும் நாம் அறிவோம்.

ஆகவே முன்னோர் உணவு தொற்றுநோயிலிருந்து அவர்களைக் காக்கவில்லை. அதனாற் காக்கவும் இயலாது. ஆயினும் குழந்தைப் பருவத்தின் ஆபத்துக்களைத் தாண்டி வளர்ந்தவர்களிடையே நீரிழிவும் மாரடைப்பும் இன்றுபோல் வீட்டுக்கு வீடு காணப்பட்டனவல்ல. மருத்துவம் நமக்கு ஆண்டுகளை ஈந்தது. அவ்வாண்டுகளை நடந்து திரிந்து கழிப்போமா, படுக்கையிற் கழிப்போமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது உணவும் உழைப்பும். நாம் ஆராய வேண்டியது இவ்விரண்டாவது வினாவையே.

அடுக்களை வழக்கமொன்று ஒரு மக்கட் கூட்டத்தின் உயிரைக் காத்த கதை நம் இனத்தவர் வரலாற்றிலேயே உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலே 'பெரிபெரி' என்னும் நோய் பல்லாயிரவரைக் கொன்றது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மக்கள் மாண்டனர். சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுந்திருக்க, தோட்டங்களிலும் பாதைகளிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. அங்கே பணிபுரிந்த பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் இதனைக் கூர்ந்து நோக்கி, தமிழர் புழுங்கலரிசி உண்பதும் சீனர் தீட்டிய பச்சையரிசி உண்பதுமே வேறுபாடு எனக் கண்டு, 1907ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். அதே காலத்தில் பிளெச்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை இரு கூட்டமாக வகுத்து, ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய பச்சையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்தார். இடத்தின் தோஷமோ என்னும் ஐயம் நீங்கும்பொருட்டு இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் வைத்தார். பச்சையரிசி உண்டோருட் பலர் நோயுற்றனர்; சிலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரிடையே நோய் புதிதாகத் தோன்றவில்லை.

இதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் 'பி ஒன்று' நீருடன் சேர்ந்து அரிசியின் உட்பகுதிக்குச் செல்கின்றது. பின்னர் உமியும் தவிடும் நீங்கினும் அது அரிசியிலேயே தங்கிவிடுகின்றது. யாவாவிலே தீட்டிய அரிசியுண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டு இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டிய எயிக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவருக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நெல்லைப் புழுக்கிக் காயவைத்த நம் பாட்டிமாருக்கு விற்றமினைப் பற்றித் தெரியாது. அரிசி நொறுங்காது, பூச்சி பிடிக்காது, சோறு குழையாது என்பனவே அவர்கள் அறிந்த காரணங்கள். காரணம் தெரியாதபோதும் ஒரு வழக்கம் நன்மை பயக்கலாம் என்பதும், காரணம் தெரியாமலே அதனைக் கைவிட்டால் இழப்பு இன்னதென்று அறியாமலே இழப்போம் என்பதும் இதனால் நாம் பெறும் பாடங்கள்.

இனி, யாழ்ப்பாணத்துப் பழைய உணவை எடுத்துக்கொள்வோம். கொழும்பு வாழ் தமிழர் அனைவரும் யாழ்ப்பாணத்தவரல்லர்; மட்டக்களப்பாரும், மலையகத்தாரும், தமிழ்நாட்டிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் நிலைகொண்டோரும் நம்மிடையே உளர். எனினும் வறண்ட நிலத்தில் விளைந்தவற்றைக் கொண்டு ஒரு சமூகம் எவ்வாறு உணவை வகுத்துக்கொண்டது என்பதற்கு யாழ்ப்பாணம் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஆறில்லாத அந்நிலத்தில் நெல் மழையை நம்பியே விளைந்தது. ஆகையால் சோறு எந்நேரமும் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. குரக்கன், சாமை, வரகு ஆகிய சிறுதானியங்களும், மரவள்ளியும், பனையின் பயன்களும் அக்குறையை நிரப்பின. குரக்கன் நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பது அதனோடு ஒப்பிடத் தகாத சிற்றளவே. குரக்கனை உமியோடு ஒட்டிய மெல்லிய தோலை நீக்காமல் முழுமையாக அரைப்பதால் நார்ப்பொருளும் அதில் தங்குகின்றது. நார்ப்பொருள் மிகுந்த உணவு மெல்லச் செரித்து, குருதியிற் சீனி திடீரென உயராதவாறு தடுக்கின்றது.

பனங்கிழங்கைப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பு நீங்க அந்நீரை வடித்துப் பின்னரே கூழ் காய்ச்சுவர். கூழ்ப் பானையினுள் இடப்படுவனவற்றை எண்ணிப் பாருங்கள்: மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, கீரை, புளி, மிளகாய். புரதமும், நாரும், உலோகச் சத்துக்களும், கடலுணவின் நற்கொழுப்பும் ஒரே பிளாவில் அடங்கிவிடுகின்றன. இதனை வறியோர் உணவென ஒருகாலத்தில் இகழ்ந்தோர் உளர். இன்று அதே கூழை உல்லாச விடுதிகளிற் பெருவிலை கொடுத்து அருந்துகின்றனர்.

மதிய உணவில், நடுவே சோறும் சுற்றிலும் பருப்பு, மரக்கறி இரண்டு, கீரை, வறை, சொதி, இரசம் என்பனவும் அமைந்தன. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை, தூதுவளை முதலியன வேலியோரத்தில் விலையின்றிக் கிடைத்தன. ஏகாதசி விரதமிருந்தோர் மறுநாட் பாரணையில் அகத்திக் கீரையும் நெல்லிக்கனியும் சேர்த்துக்கொள்வது மரபு. கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்கு நெல்லியிலுள்ள விற்றமின் 'சி' துணை செய்கின்றது என இன்றைய விஞ்ஞானம் கூறும். எஞ்சிய சோற்றை நீரூற்றிவைத்து மறுநாட் காலையிற் பழஞ்சோறாக உண்டனர். ஆறிய சோற்றின் மாப்பொருளில் ஒரு பகுதி எளிதிற் செரியாத வடிவம் பெறுகின்றது. இரவு முழுதும் புளிப்பேறும்போது நன்மை தரும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன.

இவற்றுக்கெல்லாம் மேலாக அளவு என்பதொன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மரக்கறி உணவு, கந்தசஷ்டி முதலிய விரதங்கள், விழாக்காலத்தில் மாத்திரம் பலகாரம் என்னும் ஒழுங்குகள் ஆண்டு முழுவதையும் பங்கிட்டன. தேநீரைச் சீனியின்றி ஊற்றி, பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக் குடிப்பது வழக்கம். பனங்கட்டியும் சீனியின் இனமே. ஆயின் ஒரு சிறு துண்டு ஒரு கோப்பைக்குப் போதுமாயிருந்தது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்தபோது, எந்த மூலிகையையும் பெயர் சொல்லிப் புகழவில்லை. முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதையே பெரிதும் வற்புறுத்தினார். இதனை நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும்.

இவ்வொழுங்கு எவ்வாறு குலைந்தது? 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. கோதுமை மா வந்தது. பஞ்சத்தில் உயிர் காக்க வந்த மா, பஞ்சம் நீங்கிய பின்னரும் நீங்கவில்லை. நம் தாய்மார் அதனை அவித்து, அரித்து, பிட்டும் இடியப்பமுமாக்கி நம்முடைய உணவைப் போலவே தோற்றுவித்தனர். பெயரும் உருவும் மாறவில்லை. உள்ளிருந்த தானியம் மாறிவிட்டது. மலையகத்திலும் தோட்டத் தொழிலாளரின் அன்றாட உணவாகக் கோதுமை ரொட்டியே அமைந்தது. நகரத்திற் பாண் காலையுணவாயிற்று. அரிசியாலைகள் பெருகவே, வெண்மையான அரிசியை உண்பதே மதிப்பெனக் கொள்ளப்பட்டது.

உணவு மாறியதோடு உழைப்பும் மாறியது. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவரின் பேரன், இன்று மாடிவீட்டிலிருந்து மின்தூக்கியில் இறங்கி, வாகனத்திலேறி, அலுவலகத்தில் நாற்காலியில் அமர்கின்றார். உணவுத்தட்டிற் சோற்றின் குவியல் மாத்திரம் பாட்டனார் காலத்து உயரத்திலேயே நிற்கின்றது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று 21 நாடுகளைச் சேர்ந்த ஓரிலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கியது. தென்னாசிய மக்களுள் நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளையரிசிச் சோறு உண்டோருக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டோரைவிட நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 61 பங்கு அதிகமாயிருந்தது. மற்றெப் பகுதியிலும் இவ்வேறுபாடு இவ்வளவு பெரிதாகக் காணப்படவில்லை.

இத்தகைய மாற்றம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. யப்பானின் தென்கோடியிலுள்ள ஒக்கினாவாத் தீவினர் நீண்ட ஆயுளுக்கு உலகப் புகழ் பெற்றவர்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்களின் முதன்மையான உணவு வற்றாளங்கிழங்கு. அதனுடன் கீரையும், சோயா அவரையும், சிறிது மீனும். வயிறு முழுதும் நிரம்புமுன் எழுந்துவிடுதல் அவர்களின் மரபு. போரின் பின் 1972 வரை அத்தீவு அமெரிக்கர் ஆட்சியிலிருந்தது. தகரத்தில் அடைத்த இறைச்சியும் விரைவுணவும் பரவின. மோட்டார் வாகனம் நடையை ஒழித்தது. யப்பானின் 47 மாகாணங்களுள் 1985இல் ஆடவர் ஆயுளில் முதலிடத்தில் நின்ற ஒக்கினாவா, 2000ஆம் ஆண்டுக் கணக்கில் இருபத்தாறாம் இடத்துக்கு வீழ்ந்தது. முதியோர் பழைய உணவினால் நெடுநாள் வாழ்ந்திருக்க, அவர்தம் மக்கள் நடுவயதில் நோயுற்றனர். ஒரு நல்ல மரபு குலைவதற்கு ஒரு தலைமுறை போதும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பழையன யாவும் நல்லன என்று கூறவும் நாம் முன்வரவில்லை. நம் கறிகளிலும், கருவாட்டிலும், ஊறுகாயிலும் உப்பு மிகுதி. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது; அஃது ஒரு தேக்கரண்டி அளவு. தேங்காயெண்ணெயின் கொழுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு நிறைவுற்ற கொழுப்பே. பச்சைத் தேங்காய்ப்பூவும் சிறிதளவு பாலும் சேர்ந்த கறி வேறு. எண்ணெயிற் பொரித்த வடையும் முறுக்கும் நாள்தோறும் உண்பது வேறு. நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதியாதலின் தாளிதத்துக்கு அதனை அளவோடு பயன்படுத்தலாம். தீட்டிவிட்ட சிவப்பரிசியும் நிறத்தாற் சிவப்பேயன்றிக் குணத்தால் வெள்ளையரிசியே. தவிடு நீங்காதிருத்தலே நாம் பார்க்க வேண்டியது.

ஆகவே இன்றைய கொழும்பு வாழ்க்கைக்கு முன்னோர் உணவை எவ்வாறு பொருத்துவது? நான்கு வழிகளைக் கூறுவோம். முதலாவது, தட்டின் அமைப்பை மாற்றுதல். சோற்றுக்குக் கறி என்னும் வழக்கத்தை விட்டு, கறிக்குச் சோறு என்று கொள்ள வேண்டும். தட்டிற் பாதி மரக்கறியும் கீரையும், காற்பங்கு பருப்பு அல்லது மீன், எஞ்சிய காற்பங்கே சோறு. இரண்டாவது, தானியத்தை மாற்றுதல். தவிடுள்ள அரிசியும், குரக்கன் மாவும், உளுத்தம் மாவும், ஒடியல் மாவும் வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. கோதுமைப் பிட்டின் இடத்தில் வாரத்துக்கு மூன்று நாளாவது குரக்கன் பிட்டு இடம்பெறலாம். மூன்றாவது, நடத்தல். மாலையிற் கடற்கரை வீதி வழியே அரைமணி நேரம் நடப்பதற்குச் செலவு யாதுமில்லை. நான்காவது, பரிசோதித்தல். முப்பத்தைந்து வயதைக் கடந்தோர் குருதிச் சீனியையும் குருதி அமுக்கத்தையும் சோதித்தறிய அரசாங்க நிலையங்களில் இலவச வசதி உண்டு. நோயுற்றோர் உணவை நம்பி மருந்தை நிறுத்துதல் ஆகாது. உணவு மருந்துக்குத் துணை, பகையன்று.

இவற்றுள் எதுவும் கடினமானதன்று. கடினமானது வேறொன்றுண்டு. கூழுக்கு ஒடியல் மாவை எத்தனை முறை நீர் மாற்றிக் கசப்பெடுப்பது, முசுட்டையை எவ்வாறு அரிந்து வறை செய்வது, குரக்கன் மாவை எப்பதத்திற் பிசைவது என்பனவெல்லாம் ஏட்டில் எழுதப்பட்டவையல்ல. பாட்டியின் கையிலிருந்து தாயின் கைக்கும், தாயின் கையிலிருந்து மகளின் கைக்கும் வந்தவை. போரும், புலப்பெயர்வும், மாடிவீட்டு வாழ்வும் அத்தொடர்பைப் பல வீடுகளில் அறுத்துவிட்டன. நம் வீட்டு மூதாட்டியர் இருக்கும்போதே அவர்களருகில் அமர்ந்து இவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் மாணவர் ஒவ்வொருவரும் செய்யத்தக்க பணி. ஆண்மக்களும் அடுக்களைக்குட் சென்று பழகுதல் வேண்டும். நீரிழிவு ஆண், பெண் என்று பார்த்து வருவதில்லை.

பழைய மாணவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் எண்ணெய்ப் பலகாரமும் சீனிப் பானமும் குறைந்து, கடலையும், அவித்த பயறும், மோரும், இலைக்கஞ்சியும் இடம்பெற நாம் உதவலாம். விழாக்களின்போது வருவோருக்கு நாமளிக்கும் விருந்திலேயே இதனைத் தொடங்கலாம். கல்லூரி நமக்குக் கல்வியை ஈந்தது. அக்கல்வியின் பயனை நெடுநாள் நுகர்வதற்கு உடல் வேண்டும். இன்று பத்து வயதினராய் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள், தம் அறுபதாம் வயதிலே இக்கல்லூரி முற்றத்திற் கூடும்போது, குருதிச் சீனியின் கணக்கைப் பேசாது பழைய கதைகளைப் பேசி மகிழ்வாராக. அவர் முன் வைக்கப்படும் தட்டை நோக்கிக் கையை மடக்க வேண்டிய தேவையும் அவர்க்கு இல்லாதொழிக.